சூச்சோ அரிசி பெய்ஜிங் போன வழி

சீனாவின் மிங் பேரரசர் யோங்லெ 1421இல் பெய்ஜிங்கைத் தலைநகராக்கினார். அங்கே குவிந்த படைவீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டிய அரிசியோ தெற்கே, யாங்சி ஆற்றுப்படுகையில் விளைந்தது. அப்படுகையிலுள்ள சூச்சோவில் ஓர் உழவர் வரியாக அளந்த அரிசி, தெற்கையும் வடக்கையும் இணைத்த பெருங்கால்வாயில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போயாக வேண்டும். வழியில் சிந்துவதற்கும் கெடுவதற்கும் ஈடாக அவரிடமே கூடுதல் அரிசியும் வாங்கிக்கொண்டார்கள். 1472 முதல் ஆண்டுக்கு 40 லட்சம் ஷி என்று வரித் தானியத்துக்கு அளவு வைத்தார்கள். ஒரு ஷி ஏறத்தாழ 100 லிட்டர்.

படகுகளை ஓட்டியவர்கள் அதற்கென்றே அமர்த்தப்பட்ட படைவீரர்கள். யாங்சியைக் கடந்து ஹுவாய்ஆன் வந்தால் தானியப் போக்குவரத்தின் தலைமையகம். அங்கே சோதனை நடக்கும். அடுத்தது மஞ்சள் ஆறு. அதன் வண்டல் எந்த ஆண்டும் வழியை அடைத்துவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் ஆற்றுப் பணிகளைக் கவனித்த அதிகாரி பான் ஜிசுன் ஹுவாய் ஆற்றின் தெளிந்த நீரை ஹோங்ட்சே ஏரியில் தேக்கி, அதன் வேகத்தைக் கொண்டே வண்டலை அடித்துப்போக வைத்தார்.

ஆற்றைவிடக் கடினமானது ஷாண்டோங் மேடு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மேட்டில் கால்வாய்க்கென்று நீர் கிடையாது. மிங்குக்கு முந்தைய யுவான் ஆட்சியில் வெட்டிய கால்வாய்க்கு உச்சியைவிடத் தாழ்ந்த இடத்தில் நீர் விட்டதால், பாரம் ஏற்றிய படகுகள் மேட்டில் தரைதட்டின. 1411இல் அமைச்சர் சோங் லீ அதைச் சீர்செய்ய வந்தபோது வழி சொன்னவர் பாய் யிங் என்ற உள்ளூர் முதியவர். அவர் யோசனைப்படி வென் ஆற்றைத் தாய்சுன் என்ற இடத்தில் அணைகட்டி மறித்து, கால்வாயின் உச்சியான நான்வாங்குக்கே நீரைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஒரு பங்கு வடக்கே இறங்கியது, மறு பங்கு தெற்கே இறங்கியது. இருபுறமும் வரிசையாக மதகுகள். ஒன்றை மூடி, நீர் ஏறும்வரை காத்திருந்து, படகுகள் அடுத்த மதகுக்கு நகர்ந்தன.

அந்த நீருக்கும் விலை இருந்தது. ஷாண்டோங் மலையடிவார ஊற்றுகளெல்லாம் கால்வாய்க்கே திருப்பப்பட்டன. தானியப் படகுகள் போகும் பருவத்தில் அவ்வூர் உழவர்கள் அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சத் தடை இருந்தது. சூச்சோ அரிசி மேடேறியது ஷாண்டோங் வயல்களின் தண்ணீரில்தான்.

மேட்டைத் தாண்டி லின்சிங் வந்ததும் தலைநகரக் கட்டடங்களுக்கான செங்கல்லும் படகில் ஏறும். அரிசியும் செங்கல்லுமாகப் படகுகள் தியான்ஜின் வழியே போக, தோங்சோவிலும் பெய்ஜிங்கிலும் இருந்த அரசுக் களஞ்சியங்களில் அரிசி இறங்கும்.

1855இல் மஞ்சள் ஆறு கரையுடைத்துத் திசைமாறி, ஷாண்டோங்கில் கால்வாயை ஊடறுத்துப் பாய்ந்தது. தானியம் மெல்ல மெல்லக் கடல்வழிக்கு மாறியது. 1901இல் தானியமாக வரி அனுப்பும் முறையே ஒழிந்தது.

கால்வாய் என்றதும் வெட்டச் சொன்ன பேரரசர்களின் பெயர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அரிசி போன வழியே போய்ப் பார்த்தால், தலைநகருக்குச் சோறு போட்டவர்கள் இரண்டு ஊர் உழவர்கள்: ஒருவர் விளைச்சலைக் கொடுத்தார், இன்னொருவர் தண்ணீரைக் கொடுத்தார். பெருங்கால்வாயின் வரலாறு அவர்கள் இருவரிடமிருந்தும் தொடங்க வேண்டும்.