ஏழிலைப்பாலையின் நிழலில்

வங்காளத்து வீரபூம் ஜில்லாவில், போல்பூர் ரயில் நிலையத்துக்குச் சமீபமாகச் செம்மண்ணும் சரளையுமாய்க் கிடந்த மேட்டு நிலத்தில், ஏழிலைப்பாலை மரங்கள் இரண்டின் நிழலில் மனம் தோய்ந்த மகரிஷி தேவேந்திரநாத தாகூர், 1863-ஆம் ஆண்டில் 20 பிகா நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, தியானத்துக்கு உகந்த சாந்திநிகேதன ஆசிரமமாக ஆக்கினார். அந்த வறண்ட பூமியில் மாவும் சால மரமும் வேரூன்றிச் சோலையாகிவிட்ட பிறகு, 1901 டிசம்பரில், அவருடைய குமாரர் ரவீந்திரநாதர் ஐந்தே பிள்ளைகளைக் கொண்டு அங்கே ஒரு வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆதியில் அங்கே சம்பளம் வாங்கும் வழக்கமே இல்லை. செலவுக்காகப் பூரியிலிருந்த வீடு விலைபோயிற்று. கவியின் மனைவி மிருணாளினி தேவியின் ஆபரணங்களும் போயின. மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் அளித்தவர்களின் வரிசையில் அந்த அம்மையாரை முதலில் வைத்து எண்ணுவதே நியாயம் என்பது என் துணிபு.

சாந்திநிகேதனத்தில் பட்டம் பெறுவோருக்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தை வழங்கிவந்த சம்பிரதாயம் பிரசித்தமானது. ஆனால் குரு சிஷ்ய பாவத்துக்கு அந்தத் தோட்டத்தில் இன்னும் அழுத்தமான சாட்சியம் உண்டு. பாங்குராவில் க்ஷௌரத் தொழில் செய்துவந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளையாகிய ராம்கிங்கர் பைஜ், பத்திரிகாசிரியர் ராமானந்த சட்டர்ஜியின் ஆதரவால் 1925-இல் அங்குள்ள கலைப்பள்ளியாகிய கலாபவனத்துக்கு வந்து, நந்தலால் போஸிடம் பயின்றார். 1935-இல் அவர் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, அம்மரங்களைப் போலவே மெலிந்து உயர்ந்த ஒரு பெண்ணுருவைக் கான்கிரீட்டில் சமைத்தபோது, அதன் தலையில் ஒரு பாத்திரத்தை ஏற்றிவைக்கலாமே என்று நந்தலால் யோசனை சொன்னாராம். பாத்திரம் ஏறிய அக்கணமே, பெயரற்றிருந்த அந்தப் பெண் புத்தருக்குப் பாயசம் ஏந்திச் செல்லும் சுஜாதை ஆகிவிட்டாள். சிஷ்யனுடைய கைவேலையில் ஒரு ரேகையையும் திருத்தாமல், அதற்கு அர்த்தத்தை மட்டும் சேர்த்த அந்த ஆசிரியரின் அடக்கத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே வளாகத்தில், சிமெண்டும் அவ்வூர்ச் செம்மண் சரளையும் கலந்து, காவடிக் கூடையில் குழந்தையைச் சுமந்து நடக்கும் சந்தால் குடும்பத்தையும் ராம்கிங்கர் வடித்தார்.

பின்னர் ராம்கிங்கரே ஆசிரியரானார். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கையில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று, அதனால் சர்க்கார் கல்லூரிகளின் கதவு அடைக்கப்பட்ட கே. ஜி. சுப்பிரமணியன், 1944-இல் வந்து சேர்ந்தது இந்தக் கலாபவனத்தில்தான். நந்தலாலிடமும் ராம்கிங்கரிடமும் வினோதபிகாரி முகர்ஜியிடமும் பாடங்கேட்ட அவர், 1980-இல் அதே மரங்களின் கீழே தாமும் ஆசிரியராக வந்து அமர்ந்தார்.