சீனி, சாணி, வர்த்தமானி

மண்ணுக்குச் சீனி போடுவார்களா? போடுவார்கள். ஆனால் செடி அந்தச் சீனியைத் தின்பதில்லை. தனக்கு வேண்டியதை அது வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும். நாங்கள் ஊற்றும் இனிப்பு மண்ணிலுள்ள பக்டீரியாக்களுக்கும் பங்கசுகளுக்கும்தான் போகிறது. அவை பெருகி, சாணியையும் இலைகுழையையும் உக்கவைத்து, சத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன.

இது புதுக் கதை இல்லை. சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' என்ற பழைய சமஸ்கிருத நூலில் வரும் குணபஜலத்தில் இறைச்சி, எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்து எல்லாவற்றோடும் தேனும் சேர்கிறது. எங்கள் காலத்தில் மகாராஷ்டிராவின் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தத்துக்கு 200 லீற்றர் தண்ணீர், 10 கிலோ சாணி, மாட்டுச் சலம், 2 கிலோ சர்க்கரை, 2 கிலோ பயற்றம் மா, ஒரு பிடி மண் வேணும். ஒரு ஏக்கருக்கு இது போதும் என்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இனிப்பே இல்லாமல் மண்ணைத் தேற்றினார்கள். பூவரசங்குழை தாழ்ப்பது, தோட்டத்தில் ஆடுமாட்டுப் பட்டி அடைப்பது எல்லாம் வருசா வருசம் நடந்த வேலை. 1962இல் நெல்லுக்குப் பசளை மானியம் தொடங்கிய பிறகு, நாடு மெல்ல மெல்ல யூரியா மூடைக்குப் பழகியது.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி ஒன்று இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. வயல்காரருக்குத் தயாராக நேரமே இல்லை. போதிய சேதனப் பசளையும் கையில் இல்லை. சீனாவிலிருந்து வந்த கப்பலில் ஆபத்தான நுண்ணுயிர் இருக்கு என்று இங்குள்ள அதிகாரிகள் அதைத் திருப்பினார்கள். பசளையைச் சொந்தமாகச் செய்யலாமே என்றால், அதே ஓகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மாத முடிவில் உணவுப் பொருள் பதுக்கலைத் தடுக்க அவசரகால விதிகள் வந்தன. ஜீவாமிர்தக் கணக்கில் ஒரு லீற்றருக்குப் 10 கிராம் இனிப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி. ஒரு கோப்பை பிளேன்டீயின் சீனி அது. சீனிக்கு லைனில் நின்ற வீடு அதை எதுக்குக் கொடுக்கும்? செடிக்கா, பிள்ளைக்கா?

நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பல்கனிதான் தோட்டம். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கதவைத் திறந்தால் ரோட்டு. இங்கே பூச்சாடிக்கு மண்ணையே காசுக்கு வாங்கவேணும்.

அந்தப் பூச்சாடியிலும் அவசரப்பட ஏலாது. உக்கிய குப்பை இல்லாத மண்ணில் சீனியை மட்டும் கூடக் கொட்டினால், பெருகும் நுண்ணுயிர்கள் இருக்கிற நைதரசனையும் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகும். முதலில் மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் காய்ந்த இலையும் உக்கவேணும். சீனி பிறகு, அதுவும் கொஞ்சமாக.

சேதன விவசாயம் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. குழை தாழ்த்தவர்கள் அதைத்தான் செய்தார்கள், ஆனால் பல வருசமாக, தங்கள் நிலத்தில். 2021இல் விவசாயிக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. 2022இல் கொழும்புக்காரருக்கு லீவு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. அடுத்த முறை யாராவது "இயற்கைக்குத் திரும்புவோம்" என்று அறிவித்தால், எத்தனை போகம் தருவீர்கள், யாருடைய நிலத்தில் என்று நாங்கள் கேட்கவேணும்.