எதிராளி இன்றி எண் இல்லை: தரப்புள்ளியின் வரலாறு

இணையத்தில் போட்டி விளையாட்டுகள் ஆடும் மாணவர்களிடமிருந்து அடிக்கடி ஒரு குறையைக் கேட்கிறோம். ஓராண்டு முயன்று ஆட்டம் மெருகேறிய பின்னும், ஏறத்தாழ இரண்டு ஆட்டங்களில் ஒன்று தோல்வியிலேயே முடிகிறது; அப்படியானால் கூடிய திறன் எங்கே போயிற்று என்பது அவர்களின் கேள்வி. யார் யாருடன் மோதவேண்டும் என்பதை அவ்விளையாட்டுகளில் பெரும்பாலும் தீர்மானிப்பது, திரைக்குப் பின்னால் இருக்கும் ஓர் எண். அதன் வரலாறு கணினியில் தொடங்கவில்லை, சதுரங்கத்தில் தொடங்குகிறது. அந்த வரலாற்றிலேயே மாணவர்களின் கேள்விக்கு விடையும் இருக்கிறது.

1950களில் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு, கென்னத் ஹார்க்னஸ் வகுத்த முறையைக் கையாண்டது. ஒரு போட்டித்தொடரில் ஒருவர் சந்தித்த எதிராளிகளின் சராசரிப் புள்ளியே அடிப்படை. பாதிக்கு மேல் பெற்ற ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் பத்துப் புள்ளிகள் கூட்டப்படும்; குறைந்தால் கழிக்கப்படும். கையாள எளிதாயினும் அம்முறைக்கு உறுதியான புள்ளியியல் அடித்தளம் இருக்கவில்லை.

அந்த அடித்தளத்தை இட்டவர் அர்பாத் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தார். விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தைப் பலமுறை வென்றவரும்கூட. ஒருவரின் ஆட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், ஆயினும் அது ஒரு சராசரியைச் சுற்றியே அமையும் என்பது அவருடைய எடுகோள். இருவரின் புள்ளி வேறுபாட்டைக் கொண்டு ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே மதிப்பிடலாம். 200 புள்ளிகள் மிகுதியாக உடையவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் ஈட்டுவார் என்பது எதிர்பார்ப்பு. உண்மை முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியே புள்ளியை மாற்றுகிறது. வலியவர் எளியவரை வென்றால் சிறு ஆதாயம், தோற்றால் பேரிழப்பு. 1960இல் அமெரிக்கக் கூட்டமைப்பும், 1970இல் ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் இம்முறையை ஏற்றுக்கொண்டன. இதற்கு முன்னோடிகளும் உண்டு. போட்டி முடிவுகளிலிருந்து ஆட்டக்காரரின் வலிமையைக் கணிக்கும் வழியை, கணக் கோட்பாட்டால் அறியப்பட்ட எர்ன்ஸ்ட் செர்மெலோ 1929இலேயே வெளியிட்டிருந்தார்.

எலோவின் கணக்கில் ஒரு நுட்பம் எளிதில் மறக்கப்படுகிறது. அதில் பங்குபெறுவது வேறுபாடு மட்டுமே. உலகிலுள்ள அனைவருக்கும் நாளையே 500 புள்ளிகள் கூட்டினாலும் எந்தக் கணிப்பும் மாறாது. எனவே 1800 என்னும் எண்ணுக்குத் தனியே பொருளில்லை. அதே குழுவிலுள்ள பிறரின் எண்களோடு கொண்ட உறவிலேயே அதற்குப் பொருள் பிறக்கிறது. மொழியியல் பயின்றவர்களுக்கு இங்கே சொசூர் நினைவுக்கு வருவார். மொழிக்குறியின் மதிப்பு பிற குறிகளிலிருந்து அது கொள்ளும் வேறுபாட்டால் அமைகிறது என்பதை விளக்க, அவரும் சதுரங்கத்தையே உவமையாகக் கொண்டார்.

இந்த உறவுத்தன்மை மறக்கப்பட்டபோதெல்லாம் சிக்கல் எழுந்தது. 1980களில் பெண் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே மோதினர். இரு குழுக்களுக்கிடையே போதிய ஆட்டங்கள் நிகழாவிடில், ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிட இயலாது. பெண்களின் புள்ளிகள் உண்மையைவிடக் குறைந்துள்ளன என்று முடிவுசெய்த ஃபிடே, 1987 சனவரிப் பட்டியலில் அவர்களுக்குத் தலா 100 புள்ளிகள் கூட்டியது. ஒருவருக்கு மட்டும் கூட்டவில்லை: ஆண்களோடு மிகுதியாக ஆடிப் புள்ளி ஈட்டியிருந்த ஹங்கேரியின் சூசன் போல்கர். பெண்கள் பட்டியலின் முதலிடம் அவரிடமிருந்து மாயா சிபுர்தானிட்சேயிடம் சென்றது. ஓர் ஆட்டமும் ஆடாமல், தம் எண்ணும் மாறாமல், போல்கர் இடம் இழந்தார். அம்முடிவின் நியாயம் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

மறுமுனையில் கிளாட் பிளட்குட் என்பவரின் கதை இருக்கிறது. வர்ஜீனியாச் சிறையில் தண்டனை அனுபவித்த அவர், சக கைதிகளோடு மட்டும் எண்ணற்ற ஆட்டங்கள் ஆடி, 1996இல் 2700 புள்ளிகளைக் கடந்து அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடத்தை எட்டினார். கணக்கில் பிழையில்லை; குழு மூடியிருந்தது, அவ்வளவே. அண்மையிலும், விரைந்து வளரும் இளம் ஆட்டக்காரர்களால் கீழ்நிலைப் புள்ளிகள் சரிந்துவந்ததைக் கண்டு, 2024 மார்ச்சில் 2000க்குக் கீழுள்ளோரின் எண்களை ஃபிடே ஒரே நாளில் உயர்த்தியது. 1000 என்றிருந்தவர் 1400 ஆனார். அவர் கற்ற புதிய நகர்வு ஒன்றுமில்லை.

எலோ முறையில் இன்னொரு குறையும் இருந்தது. நேற்று வந்தவரின் 1500ஐயும் பத்தாண்டு ஆடியவரின் 1500ஐயும் அந்த எண் வேறுபடுத்திக் காட்டாது. புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995இல் உருவாக்கிய கிளிக்கோ முறை, ஒவ்வொரு புள்ளியோடும் அதன் ஐயத்தின் அளவையும் சேர்த்தது. நெடுநாள் ஆடாதிருந்தால் ஐயம் வளரும். 2005இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவைக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் முறை, இக்கருத்தை அணி ஆட்டங்களுக்கு விரித்தது. அணியின் திறனை உறுப்பினர் திறன்களின் கூட்டுத்தொகையாகக் கொண்டு, அணியின் வெற்றி தோல்வியிலிருந்து தனியாளின் திறனை ஊகிக்கும் முறை அது.

இவ்விடத்தில் எண்ணின் பணியே மாறிவிடுகிறது. சதுரங்கக் கூட்டமைப்புகளில் தரப்புள்ளி முதன்மையாக நடந்து முடிந்த மோதல்களின் பதிவு. இணைய விளையாட்டிலோ அடுத்த மோதலை உருவாக்கும் கருவியும் அதுவே. வென்றால் எண் உயரும். உயர்ந்தால் வலிய எதிராளி வருவார். முடிவில் வெற்றியும் தோல்வியும் சமநிலையை நாடும். மாணவர்களின் கேள்விக்கு விடை இதுதான்: அவர்களின் திறன் காணாமற்போகவில்லை, எதிராளியின் திறனாக எதிரே வந்து அமர்கிறது. எண் மறைக்கப்பட்டிருந்தால் அந்த வளர்ச்சியைக் காண அவர்களுக்கு வழியே இல்லை.

இதனால் இம்முறையைக் கைவிடலாமா எனில், விடை எளிதன்று. கால் ஆஃப் டியூட்டி விளையாட்டில் திறன் பொருத்தத்தைத் தளர்த்திச் சோதித்த ஆக்டிவிஷன் நிறுவனம், 2024இல் வெளியிட்ட அறிக்கையில் முடிவுகளைத் தெரிவித்தது. மிகுதிறன் கொண்ட பத்தில் ஒரு பங்கினரைத் தவிர ஏனையோர் மீண்டும் ஆட வருவது குறைந்தது. சமநிலைப் பொருத்தம் எளியவரைக் காக்கிறது என்பது உண்மை; ஆட்டக்காரர் விலகாதிருப்பது நிறுவனத்தின் வருவாய்க்கும் உகந்தது என்பதும் உண்மை. இவ்விரு நோக்கங்களும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்பதை ஆட்டக்காரர் அறிய முடியாது.

எலோ தம் வாய்பாட்டை வெளிப்படையாக விளக்கினார். 1978இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். எவரும் காகிதத்தில் சரிபார்க்கலாம், மறுக்கலாம். 1987ஆம் ஆண்டின் முடிவை இன்றும் நாம் விவாதிக்க முடிவதற்குக் காரணம், அந்த எண்களும் விதியும் பொதுவில் இருந்ததே. இன்று பல விளையாட்டுகளில் எண்ணும் மறைவு, விதியும் மறைவு. தரவரிசைகளின் நடுவே வாழும் கல்விப்புலத்தினரான நமக்கு இது விளையாட்டுச் செய்தி மட்டுமன்று. ஓர் எண் நம்முன் வைக்கப்படும்போது அது எவரோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது, அக்குழுவை வகுத்தவர் யார் என்ற இரண்டையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.