மார்கழிப் புயலும் ராமேஸ்வரம் பயணமும்

திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தீவுச் சுற்றுலா என்றால் அது ராமேஸ்வரம்தான். மலைக்குக் கொடைக்கானல் இருக்கிறது, கோயிலுக்குப் பழநி இருக்கிறது. பிள்ளைகள் கடல் பார்க்கக் கேட்டால் மதுரை வழியாக ராமேஸ்வரம் போவார்கள். அதற்கு வசதியான நாள் டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டுத் தேர்வு விடுமுறை. ஆனால் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும் அதுவே! கரீபியன் தீவுகளுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்றால், நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

இந்த இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை 1964ஆம் ஆண்டு காட்டியது.

அன்று தீவின் கடைக்கோடியில் இருந்த தனுஷ்கோடி சுறுசுறுப்பான ஊர். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்தன. 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயிலில் வந்து இறங்குபவர்கள் இங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போவார்கள்.

டிசம்பர் 17ல் அந்தமான் அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு புயலாக வலுத்தது. 22ஆம் தேதி இலங்கையின் வவுனியா பகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பிய பயணிகள் ரயில், ஊரை நெருங்கிய நேரத்தில் பேரலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். ஊரே அழிந்தது. நடிகர் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்று தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் திரும்பியிருந்ததால் தப்பினார்கள் என்பார்கள்.

ரயிலில் ஏறியவர்களைக் குறை சொல்ல முடியாது. புயலைக் கண்காணிக்கும் ராடார் அன்று நம் நாட்டில் இல்லை. முதல் ராடாரே 1970ல்தான் விசாகப்பட்டினத்தில் வந்தது. சேதமடைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் அங்கே திரும்பப் போகவில்லை. 2017ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

"கடலோரத்துக்குத்தானே புயல், நமக்கென்ன?" என்று திண்டுக்கல்காரர்களும் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் உள்நாட்டைத் தாண்டித் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. கொடைக்கானல் மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்தன.

இன்று புயல் எந்தப் பக்கம் வருகிறது என்பது சில நாட்கள் முன்பே தெரிந்துவிடுகிறது. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் செய்தி உடனே வீட்டுக்கு வருகிறது. அதனால் டிசம்பரில் போக நினைப்பவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கூண்டு ஏறிவிட்டால் பயணத்தை பொங்கலுக்குப் பிறகு தள்ளிவைக்கலாம். 1964ல் அந்த ரயிலில் ஏறியவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.