பிரட்டுக்களமும் யோகக்களமும்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. அங்குக் குடியேறிய தமிழர் விடியலில் அணிவகுத்த இடம் பிரட்டுக்களம். பெயர் கூப்பிட்டு, வேலை பகிர்ந்து, கலைத்துவிடும் கூட்டம் அது.

அதற்கு முன்பே, 1913இல், பத்தமடையில் பிறந்த மருத்துவர் குப்புசுவாமி மலாயா வந்தார். சிரம்பான் அருகே ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பாட்டாளிகளின் பிணி தீர்த்தார். 1923இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு துறவு பூண்டு சுவாமி சிவானந்தரானார். யோகநெறி பரப்ப 1936இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பத்துமலையிலும் வேரூன்றியது.

பலர் கூடிப் பயிலும் யோகத்தில் கங்காணி இல்லை. வருவோர் தாமே விரும்பி வருகின்றனர். கூலிக்காகக் குனிந்த முதுகு தனக்காக நிமிரும் களம் அது. மூச்சு இசையும்போது அயலாரும் உறவினராவர். தோட்ட மருத்துவர் விட்டுச்சென்ற இச்செல்வம் மலைத்தோட்டங்களிலும் மக்களை ஒன்றுகூட்ட வேண்டாமா?