ரூட்டர் மாறியதும் பேக்கப் டிரைவ் காணாமல் போவது ஏன்? தரவுகளை இழக்காமல் மீண்டும் இணைக்கும் முறை

புனே: வீட்டின் வைஃபை ரூட்டரை மாற்றியதும் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவை புதிய கடவுச்சொல்லைக் கொடுத்த சில நிமிடங்களில் இணையத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால், குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், அலுவலகக் கோப்புகள் ஆகியவற்றின் நகலைச் சேமித்துவந்த நெட்வொர்க் பேக்கப் டிரைவ் மட்டும் கணினித் திரையிலிருந்து மறைந்துவிடுவது உண்டு. பெரும்பாலும் அந்த டிரைவுக்கோ, அதிலுள்ள தரவுகளுக்கோ எந்தப் பாதிப்பும் ஏற்பட்டிருப்பதில்லை. மாறியிருப்பது அதன் முகவரி மட்டுமே. பதற்றத்தில் டிரைவை ஃபார்மட் செய்வதும், பேக்கப் நின்றுபோனதைப் பல மாதங்கள் கவனிக்காமல் விடுவதுமே உண்மையான இழப்புக்கு வழிவகுக்கின்றன.

ஹிஞ்சவாடி, கராடி, மகர்பட்டா எனத் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் நிறைந்த புனேயில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு இது அடிக்கடி நேரக்கூடிய சிக்கலாகும். மகாராஷ்டிரத்தில் 'லீவ் அண்ட் லைசன்ஸ்' எனப்படும் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. வீடு மாறும்போது புதிய குடியிருப்பில் வேறொரு இணையச் சேவை நிறுவனத்தின் இணைப்பைப் பெற வேண்டியிருக்கலாம். அந்த நிறுவனம் தனது ரூட்டரையே பொருத்தித் தரும். வீட்டிலிருந்தே பணியாற்றும் ஒருவரின் பேக்கப் ஒவ்வொரு முறையும் அங்கேயே அறுந்துபோகிறது.

முகவரி மாறுவது எப்படி?

வீட்டு நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் ஐபி முகவரியை வழங்குகிறது. தானாக முகவரி வழங்கும் இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளேயே பயன்படுத்துவதற்கென 1996-ஆம் ஆண்டின் இணையத் தர ஆவணம் ஒன்று சில எண் தொகுதிகளை ஒதுக்கியுள்ளது. 192.168 எனத் தொடங்கும் எண்கள் அவற்றில் ஒரு தொகுதியாகும்.

எந்த எண் வரிசையைப் பயன்படுத்துவது என்பது ரூட்டருக்கு ரூட்டர் வேறுபடும். சில ரூட்டர்கள் 192.168.0 வரிசையையும், சில 192.168.1 வரிசையையும் பயன்படுத்துகின்றன. ஜியோ ஃபைபர் ரூட்டர்களில் பொதுவாக 192.168.29 வரிசை காணப்படுகிறது. பழைய ரூட்டரில் 192.168.1.20 என்ற முகவரியில் இருந்த டிரைவ், புதிய ரூட்டரில் 192.168.29.45 என்ற முகவரிக்கு மாறியிருக்கலாம். கணினியோ பழைய முகவரியிலேயே அதைத் தேடிக்கொண்டிருக்கும். எண் வரிசை மாறாத வீடுகளிலும், பழைய எண் இப்போது ஒரு கைபேசிக்குப் போயிருக்க வாய்ப்புண்டு.

முதலில் தவிர்க்க வேண்டியவை

டிரைவ் தென்படவில்லை என்பதற்காக அதைப் புதிதாக அமைக்கும் நடைமுறையைத் தொடங்கக் கூடாது. 'இனிஷியலைஸ்', 'ஃபார்மட்', 'அழித்துவிட்டுத் தொடர்க' என்ற பொருளில் திரையில் எந்தக் கேள்வி எழுந்தாலும் 'வேண்டாம்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரூட்டரின் யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்குகளில் இந்த ஆபத்து அதிகம். புதிய ரூட்டரில் யுஎஸ்பி துளை இல்லாததால் அந்த டிஸ்க்கைக் கணினியில் செருகும்போது, "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கலாம். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. லினக்ஸ் அல்லது மேக் முறையில் எழுதப்பட்ட டிஸ்க்கை விண்டோஸால் வாசிக்க இயலாதபோதும் இதே கேள்வி எழும். அந்த முறையை வாசிக்கக்கூடிய கணினியிலோ, பழைய ரூட்டரிலோ இணைத்தால் கோப்புகள் கிடைத்துவிடும்.

ரீசெட் பொத்தானிலும் கவனம் தேவை. சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் கருவிகளில் அப்பொத்தானைச் சில வினாடிகள் மட்டும் அழுத்தினால் நிர்வாகி கடவுச்சொல்லும் நெட்வொர்க் அமைப்புகளும் மட்டுமே தொடக்க நிலைக்குத் திரும்பும். அதிக நேரம் அழுத்தினாலோ, இருமுறை அழுத்தினாலோ விளைவு வேறாகும். எனவே அந்தந்த மாடலின் கையேட்டைப் பார்க்காமல் பொத்தானைத் தொடாதிருப்பதே நல்லது.

டிரைவைக் கண்டறிதல்

டிரைவைப் புதிய ரூட்டருடன் லேன் கேபிள் மூலம் இணைத்து, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குவதே முதல் படி. நிறுத்தும்போது கருவியின் பவர் பொத்தானைப் பயன்படுத்தி முறைப்படி நிறுத்த வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கையில் மின் இணைப்பைப் பிடுங்கக் கூடாது. மீண்டும் இயங்கும்போது அது புதிய முகவரியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்.

அடுத்ததாக, ரூட்டரின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள ஸ்டிக்கரில் காணப்படும் முகவரியை இணைய உலாவியில் தட்டச்சு செய்து நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். அங்குள்ள 'இணைந்துள்ள கருவிகள்' பட்டியலில் டிரைவின் பெயரும் புதிய முகவரியும் இடம்பெற்றிருக்கும். பெயர் விளங்காவிட்டால், டிரைவின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காணலாம். டிரைவைத் தேடிக் கண்டறிய சினாலஜி அசிஸ்டன்ட், கியூஃபைண்டர் போன்ற மென்பொருள்களைத் தயாரிப்பு நிறுவனங்களே இலவசமாக வழங்குகின்றன.

பட்டியலில் டிரைவ் இல்லையெனில், அதற்கு நிலையான முகவரி கைமுறையாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய டிரைவ் புதிய ரூட்டரிடம் முகவரி கேட்காது. பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு எளிய வழி பழைய ரூட்டரே. இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் அதை இயக்கி, டிரைவையும் கணினியையும் அதில் இணைத்தால் பழைய முகவரியிலேயே டிரைவ் திறக்கும். அப்போது முகவரி அமைப்பைத் 'தானியங்கி' என மாற்றிவிட்டுப் புதிய ரூட்டருக்குக் கொண்டுவரலாம். ஆகவே, டிரைவ் சரியாக இணைந்தது உறுதியாகும் வரை பழைய ரூட்டரைத் திருப்பிக் கொடுக்காதிருப்பது நலம்.

வைஃபை மூலம் மட்டுமே இயங்கும் டிரைவுகளுக்குப் புதிய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் தெரியாது. புதிய ரூட்டருக்கும் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டால் அவை தாமாகவே இணைந்துகொள்ளக்கூடும்.

கண்டறிந்த பின்னும் திறக்கவில்லையா?

புதிய ரூட்டரை விண்டோஸ் ஒரு புதிய நெட்வொர்க்காகக் கருதி, அதைப் 'பொது' வகையில் சேர்த்துவிடுவது வழக்கம். விமான நிலையம், உணவகம் போன்ற இடங்களுக்கான அந்த அமைப்பில் மற்ற கருவிகளைத் தேடும் வசதி முடக்கப்பட்டிருக்கும். நெட்வொர்க் அமைப்புகளில் அதைத் 'தனிப்பட்டது' என மாற்ற வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு ரூட்டர்கள் இயங்குவதும் ஒரு காரணமாகும். சேவை நிறுவனத்தின் ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராகவும் செயல்படும். அதனுடன் சொந்த ரூட்டரையும் இணைத்தால் இரு வேறு நெட்வொர்க்குகள் உருவாகின்றன. டிரைவ் ஒன்றிலும், மடிக்கணினி மற்றொன்றிலும் இருந்தால் ஒன்றையொன்று அறியாமல் போகலாம். இரண்டையும் ஒரே ரூட்டரில் இணைப்பது அல்லது சொந்த ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றுவது இதற்குத் தீர்வாகும். விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்துள்ள கணினிக்கும் டிரைவ் பொதுவாகத் தெரியாது.

பழைய டிரைவுகளில் இன்னொரு தடையும் உண்டு. கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பிலிருந்த குறைபாட்டைப் பயன்படுத்தியே 2017 மே மாதம் 'வான்னாக்ரை' தாக்குதல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், அந்தப் பழைய நெறிமுறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. ரூட்டருடன் கணினியையும் மாற்றியவர்கள், குறையை ரூட்டரின் மீது சுமத்தும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும். பழைய நெறிமுறையை மீண்டும் இயக்குவதைவிட, டிரைவின் மென்பொருளைப் புதுப்பிப்பதே பாதுகாப்பானது. மேக் கணினிகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஏஎஃப்பி நெறிமுறை வருங்காலப் பதிப்பொன்றில் நீக்கப்படும் என ஆப்பிள் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அறிவித்துள்ளது.

பேக்கப்பைத் தொடர்தல்

டிரைவ் திறந்துவிட்டதாலேயே பேக்கப் தொடங்கிவிட்டதாகக் கருத முடியாது. பேக்கப் மென்பொருளில் பழைய முகவரியே பதிந்திருந்தால் அது தோல்வியடைந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கை சில நாள்கள் கழித்து வரலாம். வரும் எச்சரிக்கை கவனிக்கப்படாமலும் போகலாம். எனவே மென்பொருளில் டிரைவைப் புதிய முகவரியில் மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பேக்கப்பைத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்ற கேள்வி எழுந்தால், தொடர்வதையே தேர்ந்தெடுத்தால் முந்தைய பதிப்புகள் அப்படியே இருக்கும்.

பின்னர், ரூட்டரின் டிஎச்சிபி பகுதியில் டிரைவின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைக்கலாம். டிரைவில் எந்த மாற்றமும் செய்யாமல் ரூட்டரில் மட்டும் இதைச் செய்வதால், அடுத்த முறை ரூட்டர் மாறும்போது டிரைவ் தானாகவே புதிய முகவரியை ஏற்றுக்கொள்ளும்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். ரூட்டரின் லேன் துளை 100 மெகாபிட் வேகம் உடையதாக இருந்தால், 1 டெராபைட் தரவைப் பதிவுசெய்ய ஏறத்தாழ 22 மணி நேரம் தேவைப்படும். கிகாபிட் துளையில் இது சுமார் இரண்டே கால் மணி நேரமாகக் குறையும். டிரைவின் சொந்த வேகத்தைப் பொறுத்து இந்த நேரம் கூடலாம்.

இறுதிச் சோதனையாக, டிரைவிலிருந்து ஒரு பழைய படத்தையும், அன்றைய தினம் பதிவான ஒரு கோப்பையும் கணினிக்கு மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் திறந்தால் மட்டுமே பணி முடிந்ததாகக் கொள்ள முடியும்.

இணையத்துக்குத் திறந்துவிடலாமா?

வெளியூரிலிருந்தும் டிரைவை அணுகுவதற்காக ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' அமைத்திருந்தவர்கள், அதைப் புதிய ரூட்டரிலும் அமைக்க முற்படுவது உண்டு. இது ஆபத்தானது. 2021 ஜூன் மாதம் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' டிரைவுகள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டு, பல பயனர்களின் கோப்புகள் முற்றிலும் அழிக்கப்பட்டன. 2015-ஆம் ஆண்டுக்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு பெறாத அந்த டிரைவுகளை இணையத்திலிருந்து துண்டிக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற பிணைத்தொகை வைரஸ், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் கருவிகளைக் குறிவைத்துக் கோப்புகளைப் பூட்டியது.

வெளியிலிருந்து அணுகுவது அவசியமெனில், விபிஎன் வழியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

ஒரே நகல் போதாது

டிரைவ் மீண்டும் இணைந்துவிட்டாலும், வீட்டில் நேரும் தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து அது தப்ப முடியாது. இதை உணர்த்தும் நிகழ்வு புனே நகரின் வரலாற்றிலேயே உள்ளது. 2003 ஜனவரி 8 அன்று, இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவன வளாகத்தில் இருந்த கிடங்கில் ஏற்பட்ட தீ விபத்தில், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்து சாம்பலாயின. வேறிடத்தில் நகல் இல்லாத படைப்புகளை எந்தத் தொழில்நுட்பத்தாலும் மீட்க இயலாது.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்ற '3-2-1' விதி இதற்காகவே பரிந்துரைக்கப்படுகிறது. கணினியில் உள்ள மூலக் கோப்பு, நெட்வொர்க் டிரைவ், சொந்த ஊரில் பெற்றோர் வீட்டில் வைக்கப்பட்ட ஒரு யுஎஸ்பி டிஸ்க் அல்லது கிளவுட் சேமிப்பு ஆகியவை இருந்தால் இவ்விதி நிறைவேறிவிடும்.

ரூட்டரை மாற்றும் முன்

ரூட்டர் மாறப்போவது முன்கூட்டியே தெரிந்தால் ஐந்து பணிகளை முடித்துக்கொள்ளலாம். பழைய வைஃபை பெயர், கடவுச்சொல், எண் வரிசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிரைவின் நிர்வாகி பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்க வேண்டும். நிலையான முகவரி இருந்தால் அதைத் தானியங்கி முறைக்கு மாற்ற வேண்டும். முக்கியக் கோப்புகளை ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் தனியாக நகலெடுக்க வேண்டும். பேக்கப் கடைசியாக எந்தத் தேதியில் வெற்றிகரமாக முடிந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

புதிய ரூட்டர் பொருத்தப்பட்ட ஒரு வாரத்துக்குப் பின் அந்தத் தேதியை மீண்டும் பார்ப்பது அவசியம். தேதி நகராமல் இருந்தால், பேக்கப் நின்றுவிட்டது என்று பொருள். அது நகர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே, பழைய ரூட்டரில் உள்ள கடவுச்சொற்களை அழிக்கும் வகையில் அதை ஃபேக்டரி ரீசெட் செய்து சேவை நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.