மூன்று எண்ணும் நேரம்

என் அம்மாவைப் பெற்ற தாத்தா மதராஸில் டிராம் ஓட்டியவர். 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு டிராம் நின்றுபோனபோது எனக்கு இரண்டு வயது. அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் ராயபுரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவர் ஓட்டிக் காட்டியது கண்ணிலேயே நிற்கிறது. இடது கை கன்ட்ரோலர் கைப்பிடியில், வலது கை பிரேக்கில். இடது கையை ஒரு விரற்கடை நகர்த்துவார், நிறுத்துவார், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவார், அப்புறம்தான் அடுத்த விரற்கடை. “மூணு எண்றதுக்கு முன்னாடி அடுத்த நாட்ச் போட்டா வண்டி உதறும்டா. நிக்கிற ஜனம் விழும். மோட்டாரும் போயிடும்” என்பார்.

1972இல் ரயில்வே கார் ஷெட் ஒன்றில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, மின்சார ரயிலின் மோட்டாரைக் கையால் பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்த மூன்று எண்ணிக்கை எதற்கென்று எனக்கு விளங்கியது. 2011இல் ஓய்வு பெறும்வரை அந்த மோட்டார்களோடுதான் இருந்தேன். டி.சி. மோட்டாரின் வேகத்தையும் இழுவையையும் மனிதர்கள் எப்படிக் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்ற கதை, அந்த மூன்று எண்ணும் நேரத்தின் கதைதான்.

ஓடுகிற மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர்தான். உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சர் சுற்றச் சுற்ற, வருகிற மின்சாரத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை அது தானே உண்டாக்குகிறது. ஷெட்டில் இதை பேக் இ.எம்.எஃப். என்போம். மோட்டாருக்குள் எவ்வளவு கரன்ட் பாயலாம் என்பதை இந்த எதிர்ப்புதான் தீர்மானிக்கிறது. நிற்கிற மோட்டாரில் அது இல்லை. உள்ளே இருப்பது தடித்த செம்புச் சுருளின் சொற்பத் தடை மட்டும். அந்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், 500 வோல்ட்டை நேராகக் கொடுத்ததும் 1000 ஆம்பியர் பாயும். சுருள் கருகிவிடும்.

அதனால் புறப்படும்போது நடுவில் வேறொரு தடையை வைத்து கரன்ட்டை அடக்க வேண்டும். வண்டி நகர்ந்து எதிர் மின்னழுத்தம் ஏற ஏற, அந்தத் தடையைத் துண்டு துண்டாக எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு நாட்ச். தாத்தா எண்ணிய மூன்றும் எதிர் மின்னழுத்தம் ஏறுவதற்குக் கொடுத்த அவகாசம். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. அதன் அளவு மட்டும் அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

வண்டி இழுக்கத் தேர்ந்தெடுத்தது சீரிஸ் மோட்டார். காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இருப்பதால், பாய்கிற கரன்ட் காந்தத்தையும் பலப்படுத்துகிறது, ஆர்மேச்சரையும் தள்ளுகிறது. காந்த இரும்பு நிரம்பிவிடாத வரையில், கரன்ட் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் அதிகம் இழுக்கும், சமதரையில் வேகம் பிடிக்கும். சுமையே இல்லாவிட்டால் கட்டுக்கடங்காமல் சுற்றித் தன்னையே சிதறடித்துக்கொள்ளும். சுமையில்லாத சீரிஸ் மோட்டாருக்கு முழு வோல்ட்டேஜ் கொடுக்காதே என்பதுதான் ஷெட்டில் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், செங்குத்தான மேடுகள் உள்ள தெருக்களில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் மின்சார டிராம்களை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன் பிறகுதான் உலகத்து நகரங்கள் குதிரையை விட்டு மின்சாரத்தை நம்பின. 7 ஆண்டுகளில் அது மதராஸுக்கு வந்துவிட்டது. 1895 மே 7ஆம் தேதி இங்கே ஓடியதுதான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். கல்கத்தா 1902இலும் பம்பாய் 1907இலும்தான் அந்த வசதியைப் பெற்றன. மதராஸில் முதலில் தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்கடியில் குழாய் பதித்து அதற்குள் மின்கம்பியை வைத்திருந்தார்கள். மழைக்காலத்துத் தண்ணீர் அதை விடவில்லை. பிறகு கம்பி தலைக்கு மேலே போயிற்று.

தடையை வைத்து அடக்குவதில் ஒரு நஷ்டம் உண்டு. அடக்கிய மின்சாரமெல்லாம் வண்டிக்கு அடியில் வார்ப்பிரும்புத் தடைக் கட்டங்களில் வெப்பமாகப் போய்விடும். சீரான கரன்ட்டில் இப்படிக் கிளம்பினால், மோட்டாருக்குள் ஆகும் இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வாங்கிய மின்சாரத்தில் சரிபாதி கிளம்புவதிலேயே வீண். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்புகிற வண்டிக்கு இது தாங்காத செலவு.

தடையில் எரிக்காமலே வேகத்தை மாற்ற 1891இல் வார்ட் லியோனார்டு என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். மோட்டாருக்கென்றே தனி ஜெனரேட்டர் வைத்து, அதன் ஃபீல்டைக் கூட்டிக் குறைத்தால் வோல்ட்டேஜ் நாம் கேட்டபடி வரும். லிஃப்ட்டுகளும் சுரங்க இயந்திரங்களும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் ஓடின. ஆனால் ஒரு மோட்டாரை ஓட்ட இன்னும் இரண்டு இயந்திரம் வேண்டும். டிராமில் அதற்கு ஏது இடம்?

டிராம்காரர்கள் கண்ட வழி எளிமையானது. வண்டியில் மோட்டார் இரண்டு. கிளம்பும்போது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆளுக்குப் பாதி வோல்ட்டேஜ்தான். வண்டி பாதி வேகத்தைத் தொடும்போது தடை முழுக்க வெளியே வந்திருக்கும். பிறகு இரண்டையும் பக்கவாட்டில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முழு வோல்ட்டேஜ். இதே கணக்கில் வீணாவது பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. புது இயந்திரம் ஒன்றும் சேர்க்கவில்லை, இருப்பதைக் கோக்கும் முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான். 1890களில் இந்தக் கன்ட்ரோலர் டிராம் உலகம் முழுக்கப் பரவியது. பித்தளைக் கைப்பிடி வைத்த அந்த உயரமான இரும்புப் பெட்டியைத் தாத்தா ‘தூண்’ என்பார்.

அதே ஸ்பிரேக் 1897இல் அடுத்த படியைக் கடந்தார். பெட்டிக்குப் பெட்டி மோட்டார், எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பெட்டியில் ஒரே சின்னக் கைப்பிடி. ஆறு பெட்டி ரயிலைத் தம் பத்து வயது மகன் கையில் கொடுத்து ஓட்டிக் காட்டினார். ஒரு சிறுவன் ஓட்ட முடிந்ததென்றால், பெருங் கரன்ட் அந்தக் கைப்பிடி வழியாகப் போகவில்லை என்று அர்த்தம். கைப்பிடி உத்தரவு மட்டும் தருகிறது. பெருங் கரன்ட்டைத் திறந்து மூடும் காண்டாக்டர்கள் பெட்டிக்கு அடியில் மாறுகின்றன. பின்னால் வந்த வண்டிகளில் அடுத்த நாட்ச்சுக்கு எப்போது போகலாம் என்பதை ரிலே ஒன்று பார்த்துக்கொண்டது. கரன்ட் தணிகிற வரைக்கும் அது விடாது. மூன்று எண்ணும் வேலை மனிதன் கையிலிருந்து ரிலேவுக்கு மாறியது.

நம் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931இல் ஓடத் தொடங்கியது 1500 வோல்ட் டி.சி. ரயில். 1960களில் மேல்கம்பி 25,000 வோல்ட் ஏ.சி.யானது. நான் சேர்ந்த நாளில் எனக்கு இருந்த குழப்பம், கம்பியில் வருவது ஏ.சி., அடியில் சுற்றுவது ஏன் டி.சி. என்பதுதான். பழைய டி.சி. வண்டிகளில் வேலை பார்த்திருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் சொன்னார்: “தம்பி, சும்மா கிடந்ததை எழுப்பி இழுக்க இதைவிட நல்ல மாடு இன்னும் கிடைக்கல. அதனால தீனியை மட்டும் மாத்திட்டாங்க.” டிரான்ஸ்ஃபார்மரில் படிப்படியாக வோல்ட்டேஜை ஏற்றி, ரெக்டிஃபையரில் டி.சி.யாக்கி மோட்டாருக்குக் கொடுத்தோம். கிளம்புவதற்காகத் தடையில் எரிக்கிற பழக்கம் அதோடு போயிற்று.

வேகத்தை இன்னும் கூட்ட வேண்டுமானால் ஃபீல்டைக் குறைக்க வேண்டும் என்பதை நம்ப எனக்கு வெகுநாள் ஆனது. காந்தம் இளைத்தால் எதிர் மின்னழுத்தம் இளைக்கும், கரன்ட் கூடும், ஆர்மேச்சர் இன்னும் விரைந்து சுற்றும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அவசரப்பட்டு எல்லை தாண்டினால், பிரஷ்கள் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் தீப்பொறி வளையமாகச் சுற்றும். ஒருமுறை அப்படி ஃபிளாஷ் அடித்து வந்த மோட்டாரை நானும் இன்னொருவரும் இரண்டு ஷிஃப்ட் உட்கார்ந்து சுத்தம் செய்தோம். செம்புத் துண்டங்கள் உருகிக் கரித்திருந்தன, பிரஷ் ஹோல்டர் பாதி காணாமல் போயிருந்தது. எரிந்த மைக்காவின் நெடி இரண்டு நாள் சட்டையிலிருந்து போகவில்லை. தாத்தா சொன்ன “மோட்டாரும் போயிடும்” என்பதன் பொருளை அன்றைக்கு மூக்கால் தெரிந்துகொண்டேன்.

2004இல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் முடிந்தது. இதற்கிடையே, மின்னணு சுவிட்சுகளான தைரிஸ்டரும் அதன் பின் வந்த டிரான்சிஸ்டர்களும் நாட்ச் என்பதையே கரைத்துவிட்டன. நொடிக்குப் பல நூறு தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, எந்த வோல்ட்டேஜ் வேண்டுமோ அதைத் தந்தன. பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் இல்லாத மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார்கள் வந்தன. கார்பன் தூள் சுவாசித்துப் பழகிய எங்களுக்கு அது ஒரு நிம்மதி என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த மோட்டாரை அடக்கும் முறையைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1970களின் தொடக்கத்தில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே என்ற ஜெர்மானியப் பொறியாளர் வகுத்துக் கொடுத்த வழியில், உள்ளே போகும் கரன்ட்டைக் கணக்கால் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு காந்தத்தை உண்டாக்க, மற்றது இழுவைக்கு. ஒன்று ஃபீல்டு, மற்றது ஆர்மேச்சர். ஏ.சி. மோட்டாரை டி.சி. மோட்டாராகப் பாவித்துத்தான் அதை ஆள்கிறார்கள். பிரஷ் போனது, செம்புத் துண்டங்கள் போயின, நாட்ச் போனது. திண்ணையில் தாத்தா ஓட்டிக் காட்டியதும் நான் கையால் பிரித்துக் கோத்ததும் சிப்புக்குள் கணக்காக இருக்கின்றன. அங்கேயும் எதிர் மின்னழுத்தம் ஏறுகிற வரை இழுவைக் கரன்ட் எல்லைக்குள்தான் நிற்கிறது. மூன்று எண்ண இப்போது யாரும் தேவையில்லை. அந்த நேரத்தை மோட்டாருக்குக் கொடுக்காமல் இன்றைக்கும் ஒரு வண்டியும் கிளம்புவதில்லை.